“தப்பா நினைக்காதீங்க” என்று ஏன் எழுதினீர்கள்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பிசகியிருந்தால் திருத்துங்கள். ஊர் செங்கோட்டைப் பக்கம், படிப்பு கொல்லத்தில். விரலில் கறுப்பு நெயில் பாலிஷ், கண்ணில் மை, கழுத்தில் முத்துமாலை, காலேஜ் விழாவில் ஒருநாள் ஸ்கர்ட். போட்டோவுக்கு லைக் குவிகிறது. கூட அறையில் தங்கியிருக்கும் நண்பன் கே, அதாவது ஆண்களை விரும்புகிறவன் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். எல்லாரும் பாராட்டிய அன்றைக்கு அவன் மட்டும், “உனக்கு இது ஃபேஷன்டா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவர்களுடையதை நான் திருடுகிறேனா, நிறுத்திவிடவா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் முதல் வரியே, “நான் ஸ்ட்ரெய்ட்தான், தப்பா நினைக்காதீங்க” என்றுதான் தொடங்குகிறது. உடையைப் பற்றிக் கேட்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அவன் ஏன் திரும்பிப் படுத்தான் என்பதுதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. அதற்கான பதில் அந்த முதல் வரியிலேயே கிடக்கிறது என்றும் படுகிறது. கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வர முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புளியரைக்காரன். 31 வருஷமாக ஒப்பனைத் தொழில். கோயில் கொடைக்கு நாடகம், பள்ளிக்கூட ஆண்டு விழா, இப்போது பெரும்பாலும் கல்யாணப் பெண் மேக்கப். எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் உங்கள் நண்பனின் மனசுக்குள் போய்ப் பேசும் உரிமை எனக்கு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஆண் முகத்தில் பெண் முகத்தை எழுதுவதும் விடிந்ததும் அதைத் துடைப்பதும் எனக்குக் கைவந்த வேலை. எழுதுவதைவிடத் துடைக்கும்போதுதான் மனுஷனைப் பற்றி நிறையத் தெரிந்தது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். துணிக்கும் நகைக்கும் பிறவியில் ஆண் பெண் கிடையாது. என் தாத்தா குடுமி வைத்து, இரண்டு காதிலும் கடுக்கன் மாட்டி, தைக்காத துணி ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனவர். பிரான்சில் பதினான்காம் லூயி ராஜா சிவப்புக் குதி வைத்த செருப்பில் நடந்தார். குதியுயர்ந்த செருப்பு அன்றைக்கு ஆண்பிள்ளை மிடுக்கு. கோடு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நகர்கிற கோடுதானே என்று அதை அற்பமாகவும் எண்ணிவிடக் கூடாது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு, அதாவது மலையாள ராஜ்யத்தோடு இருந்த ஊர். அதே திருவிதாங்கூரின் தென்கோடியில்தான் தோள்சீலைக் கலகம் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை போட்டார்கள் என்று தெருவில் வைத்துக் கிழித்தார்கள். 1859 ஜூலையில் மகாராஜாவின் உத்தரவு வந்தது: மேலாடை போட்டுக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற பாணியில் கூடாது. அந்த “ஆனால்” எனக்கு எப்போதும் உறுத்தும். துணி அதே துணிதான், யார் உடம்பில் ஏறுகிறது என்பதில்தான் வழக்கு.

கொல்லத்தில் இருக்கிறீர்கள் என்றால் சவராவில் கொற்றன்குளங்கரை தேவி கோயில் தெரிந்திருக்கும். வருஷா வருஷம் மீன மாதம் 10, 11, அதாவது மார்ச் 24, 25 வாக்கில் அங்கே சமயவிளக்குத் திருவிழா. சமயம் என்றதும் மதம் என்று நினைத்துவிடாதீர்கள், மலையாளத்தில் அது ஒப்பனை. மாடு மேய்த்த பையன்கள் ஒரு கல்லில் தேங்காயை இடிக்கப் போய்க் கல்லிலிருந்து ரத்தம் வந்ததாம். அதற்குப் பிறகு அவர்கள் பெண் வேஷம் கட்டி அந்தக் கல்லைக் கும்பிட்டதாகக் கதை. இன்றைக்கு ஆயிரக்கணக்கான ஆண்கள் சேலையும் பாவாடையும் கட்டி, பூ வைத்து, விளக்கேந்தி நிற்கிறார்கள். கோயிலைச் சுற்றி மேக்கப் கடைகள் முளைக்கும். பல வருஷம் அதில் ஒரு மேஜை என்னுடையது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான். டிரைவர், கல்ப்பில் இருந்து லீவில் வந்தவர், ஸ்கூல் வாத்தியார். மீசையைக் காலையிலேயே எடுத்துவிட்டு வந்திருப்பார்கள். மழித்த தாடை பச்சை பூத்துத் தெரியும். அதன்மேல் நேரே பான்ஸ்டிக், அதாவது முகப்பூச்சு தடவினால் முகம் சாம்பலாகிவிடும், அதனால் முதலில் ஆரஞ்சு நிறம் தொட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மேல்பூச்சு. நான் கண் எழுதிக்கொண்டிருக்க, பெண்டாட்டி கீழே குத்தவைத்து, வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு கொசுவம் பிடிப்பார். பிள்ளைகள் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். வெட்கம் என்பது மருந்துக்கும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் கேட்காமலேயே ஒன்று மட்டும் சொல்லிவிடுவார்கள்: “நேர்ச்சையாணு சேட்டா.” வேண்டுதல் அண்ணா, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. உங்கள் முதல் வரியைப் படித்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

அதே வரிசையில் திருநங்கைகளும் வருவார்கள். கேரளம் முழுக்க இருந்தும் நம் பக்கத்திலிருந்தும் வருவார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் தவறாமல் என் மேஜைக்கு வருவார். பெயர் வேண்டாம். “இத்தனை ஆம்பளைங்க வேஷம் கட்டுறது உனக்குக் கோபமா இல்லையா?” என்று ஒரு வருஷம் கேட்டேன். “எதுக்கு அண்ணாச்சி கோவம்? இந்தக் கூட்டம் இல்லன்னா நான் எங்க போயி ஒளிய? இன்னைக்கு ஒரு ராத்திரி என்னைய யாரும் திரும்பிப் பாக்கல பாருங்க” என்றார். எனக்குத் தெரிந்து உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான சாதகப் பதில் கிடையாது. நீங்கள் நாலு பேர் போட்டுக்கொண்டு நடந்தால், ஐந்தாவதாக நடப்பவன் தனித்துத் தெரிய மாட்டான்.

ஆனால் விடியும். இரண்டு மணிக்கு மேல் விளக்கெடுப்பு களைகட்டி ஐந்து மணிவாக்கில் ஓயும். பிறகு என் மேஜைக்கு இரண்டாவது வரிசை வரும். தேங்காய் எண்ணெயும் பஞ்சுமாக நிற்பேன். ராத்திரி நிதானமாக உட்கார்ந்தவர்கள் காலையில் அவசரப்படுவார்கள். முதல் பஸ்ஸுக்கு முன்னால் முகம் பழையபடி ஆகிவிட வேண்டும். “கண்ணு போயோ சேட்டா?”, கண் மை போய்விட்டதா என்று திரும்பத் திரும்பக் கண்ணாடி கேட்பார்கள். அந்த வரிசையில் தென்காசிக்காரர் நிற்க மாட்டார். ஒரு வருஷம் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் கொல்லத்துக்கு வந்தோம். ராத்திரி என் மேஜையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த ஆளே பேன்ட் சட்டையோடு முன் சீட்டில் இருந்தார். கண்டக்டர் அவரை “சேட்டா” என்று கூப்பிட்டுச் சீட்டு கிழித்தார். தென்காசிக்காரரைக் கூப்பிடாமலேயே கையை நீட்டினார். அந்த முன் சீட்டுக்காரரும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

பெண் வேஷத்துக்கு ஒரு ராத்திரி அனுமதி கொடுக்கிற ஊர்கள் நம் பக்கம் ஏராளம். ஆந்திர எல்லையில் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் சேலை கட்டுகிறார்கள். கூவாகத்தில் சுற்றுவட்டார ஆண்களும் வேண்டிக்கொண்டு அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். கதகளியில் கோட்டக்கல் சிவராமன் பெண் வேஷத்திலேயே பேர் வாங்கினார். இத்தனை காலமாக இத்தனையும் நடக்கிறது, அதனால் திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டதா? 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களுக்கு வேலை கொடுத்தது. நாடே பாராட்டியது. தங்க இடம் கிடைக்காமல் அவர்களில் சிலர் சீக்கிரமே வேலையை விட்டார்கள். அனுமதி கோயில் மதில் வரைக்கும்தான் செல்லும்.

அனுமதி பெற்ற ஆளுக்கும் மதிலுக்கு வெளியே பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். அண்ணாவி பாட, மகுடம் அடிக்க, பெண் வேஷத்தில் இரண்டு ஆண்கள் ஆடுவார்கள். எனக்குப் பழக்கமானவர்கள் கல்யாணம் ஆகிப் பிள்ளை குட்டி உள்ளவர்கள். விடிய விடிய ஆடி, முகம் கழுவி, சட்டை மாட்டிப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாலும் இமையோரத்தில் மை ஒரு நூல் தங்கிவிடும். அந்த நூலைப் பார்த்தே “ஏ ஒம்போது” என்று கூப்பிட்டு இடுப்பைக் கிள்ளினவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிள்ளுகிறவன் நீ ஸ்ட்ரெய்ட்டா என்று விசாரித்துவிட்டுக் கிள்ளுவதில்லை. கேரளத்தில் 2005இல் ‘சாந்துபொட்டு’ என்று ஒரு படம் வந்தது. பெண்பிள்ளை மாதிரி வளர்க்கப்பட்ட, ஆனால் ஒரு பெண்ணைக் காதலிக்கிற ஆணின் கதை. கதாநாயகன் கடைசியில் “ஆம்பளை” ஆகிவிடுவான், படம் முடிந்துவிடும். தலைப்பு மட்டும் தெருவில் வசவாக நின்றுவிட்டது. நளினமாக நடக்கிற ஒவ்வொரு பையனையும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வேஷம் போட்டவர் வேறு, பேர் சுமந்தவர்கள் வேறு.

சட்டம் உங்கள் இருவர் பக்கமும்தான் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில், வடநாட்டில், “அலி” என்று பதிவேட்டில் பேர் ஏறியவர் தெருவில் பெண் உடையில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், இரண்டு வருஷம் வரை உள்ளே போடலாம். அது குறிவைத்தது சேலையை இல்லை, பதிவேட்டில் இருப்பவர் அதைக் கட்டுவதை. ஹைதராபாத் நிஜாம் காலத்தில் வந்த அதே மாதிரிச் சட்டம் ஒன்றைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023இல்தான் செல்லாது என்றது. 2014 ஏப்ரல் 15இல் நால்சா வழக்கில், அதாவது திருநர் உரிமைக்காகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவதும் கருத்துரிமையில் சேரும் என்று சொல்லிவிட்டது. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பல்லை 2018 செப்டம்பர் 6இல் பிடுங்கியாயிற்று. ஆக, உடை விஷயத்தில் கோர்ட்டில் உங்களுக்கும் அவனுக்கும் பேதம் இல்லை. ஹாஸ்டல் வராந்தாவில் இருக்கிறது.

வெளிநாட்டில் இதே சண்டை பெரிய ஆட்களுக்குள் நடந்தது. கறுப்பினத்தவரும் கே என்று வெளிப்படையாக வாழ்பவருமான நடிகர் பில்லி போர்ட்டர் 2019 ஆஸ்கர் விழாவுக்கு மேலே கோட்டும் கீழே பெரிய கவுனுமாக வந்தார். 2020 டிசம்பரில் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் கவுன் போட்டு அமெரிக்க வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்தார். அந்த அட்டையில் தனியாக வந்த முதல் ஆண் அவர்தான். நாங்கள் உயிரைக் கொடுத்துப் போராடியதற்கு, வெள்ளைக்கார ஸ்ட்ரெய்ட் ஆண் என்பதற்காக அவருக்குக் கிரீடமா என்ற பொருளில் போர்ட்டர் 2021இல் குமுறினார். பிறகு, அவர் பெயரை இழுத்திருக்கக் கூடாது என்று டிவியிலேயே மன்னிப்புக் கேட்டார். இதில் எனக்குப் பிடித்தது இரண்டு. போர்ட்டரின் கணக்கு சரி, யாருக்கு அடி, யாருக்கு அட்டை என்று அவர் கேட்டதில் தப்பில்லை. மன்னிப்பும் சரி, ஏனென்றால் அட்டையில் யார் என்று முடிவு செய்தது ஸ்டைல்ஸ் இல்லையே. இன்னொன்றும் உண்டு. ஸ்டைல்ஸ் தன்னை எந்தப் பெயரிலும் அடைக்கச் சம்மதிக்கவில்லை. “தப்பா நினைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் கவுன் போடவில்லை.

இப்போது உங்கள் அறைக்கு வருகிறேன். இனிமேல் சொல்வது என் ஊகம், ஆனால் ஆள் பார்த்துப் பழகிய ஊகம். இந்தச் சின்னச் சின்னப் பொருட்கள் உங்களுக்கு அழகு, அவர்களுக்குப் பல காலமாகச் சைகை. லண்டனில் 1892இல், ஆண்களைக் காதலித்த எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் நாடக முதல் காட்சிக்கு அவருடைய கூட்டாளிகள் கோட்டில் பச்சைக் கார்னேஷன் பூ குத்திக்கொண்டு வந்தார்கள் என்பது பேர் பெற்ற கதை. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கு அது பூ. நீங்கள் முதல் நாள் நகம் கறுத்து, கண் மை எழுதி அறைக்கு வந்தபோது அவன் என்ன நினைத்திருப்பான்? இதே அறையில் இன்னொருத்தன் இருக்கிறான் என்று ஒரு நிமிஷமாவது நினைத்திருக்க மாட்டானா? அவன் தன்னைப் பற்றி உங்களிடம் சொன்னதுகூட அதற்குப் பிறகாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் யாரோ கிண்டல் செய்திருப்பார்கள். நீங்கள் அவன் காதுபட, “சீச்சீ, நான் அப்படி இல்லப்பா” என்று சிரித்திருப்பீர்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானே அதைச் செய்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு பையன் வேலை பார்த்தான். நல்ல கை. புருவம் எழுதினால் என்னைவிடச் சுத்தமாக இருக்கும். சுண்டுவிரல் நகத்தில் மட்டும் பாலிஷ் போட்டிருப்பான். ஒரு கொடையில் விழாக் கமிட்டி ஆள் ஒருவர் அவனைக் காட்டி, “உங்க ஆளு ஒரு மாதிரி இருக்கானே, நீங்களும் அந்தக் கணக்குத்தானா?” என்றார். “சேச்சே, நமக்கு இது தொழிலு, அந்த அசிங்கம் எல்லாம் கிடையாது” என்று நான் சிரித்தேன். பையன் பக்கத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த சீசன் முழுக்க ஒழுங்காக வேலை செய்தான், கணக்கை வாங்கிக்கொண்டான், அடுத்த கொடைக்கு வரவில்லை. கடையில் அவனை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை, சம்பளத்தில் கை வைத்ததில்லை. அந்த ஒரு சிரிப்புக்கு முன்னால் இதெல்லாம் எடுபடவில்லை.

அதனால் பாலிஷை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் உங்கள் நண்பனுக்கு ஒரு காசு லாபம் இல்லை. நிறுத்த வேண்டியது அந்த முதல் வரியை. யாராவது “நீ அவனா?” என்று கேட்டால், ஆமாம் என்று பொய் சொல்லச் சொல்லவில்லை, “இருந்தா என்ன?” என்று கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கேட்டவனுக்குச் சந்தேகம் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சந்தேகத்தைக் கொஞ்ச நேரம் நீங்கள் சுமந்தால், உங்கள் அறைத் தோழன் அத்தனை நேரம் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ராத்திரி ஆளில்லா ஸ்டாண்டில் நாலு பேர் மறித்தால் மட்டும் இந்த வீரம் எல்லாம் வேண்டாம், என்ன சொன்னால் தப்பிக்கலாமோ அதைச் சொல்லித் தப்பியுங்கள். அவனையும் மை போடச் சொல்லி விழாவுக்கு இழுக்காதீர்கள். உங்களுக்கு லைக் விழுகிற இடத்தில் அவனுக்கு என்ன விழும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

உங்களை மாதிரிப் பையன்கள் போடப் போட ஊர் மாறிவிடுமா என்றால், அங்கேதான் எனக்குச் சந்தேகம். 90களில் காதில் கம்மல் போட்ட பையனை ஊரே நிறுத்திக் கேட்டது, இப்போது யாரும் கேட்பதில்லை. ஆனால் கம்மல் போட்டவனே, நளினமாக நடப்பவனைப் பார்த்து விசில் அடிக்கிறான். கம்மல் ஆண் நகையாகிப் போனதால் வந்த சலுகை அது, நடைக்கு வந்ததில்லை. இன்னொரு பக்கம் இதையும் சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் நம் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு பையன் மை டப்பா கேட்டால், “அக்காவுக்கா?” என்பார்கள். போன மாசம் நான் நிற்கும்போதே ஒருவன் வந்து கேட்டான், கடைக்காரர் “வாட்டர்ப்ரூஃபா, சாதாவா?” என்றார். அந்த மாற்றத்தில் உங்களைப் போன்றவர்களுக்குப் பங்கு இருக்கிறது. உங்கள் நண்பனும் என்றைக்காவது அதே கவுண்டரில் போய் நிற்கலாம்.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள், வெள்ளிக்கிழமை ஊருக்கு வருமுன் மையையும் பாலிஷையும் எப்படிச் சுத்தமாக எடுப்பது என்று. எடுப்பதற்கு வெட்கப்பட வேண்டாம், வீட்டில் எதிர்ப்பு இருந்தால் நானும் எடுத்துவிட்டுத்தான் வருவேன். பாலிஷை பிளேடால் சுரண்டாதீர்கள், நகம் உரியும். ரிமூவரைப் பஞ்சில் தொட்டுப் பத்து எண்ணும் வரை நகத்தின் மேல் வைத்துப் பிறகு இழுங்கள், அப்புறம் எண்ணெய் தடவுங்கள். கண்ணுக்கு ரிமூவர் கிட்டே போகக் கூடாது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, மூடிய இமையில் உள்மூலையிலிருந்து வெளியே துடையுங்கள். எவ்வளவு துடைத்தாலும் ரோமக்காலில் ஒரு நூல் மை நிற்கும். அதைத் தேய்த்துக் கண்ணைச் சிவக்க வைக்காதீர்கள், இரண்டு நாளில் தானாகப் போய்விடும். அதுவரைக்கும் பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்ப்பார்கள்.